மொராபித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரும் அதன் அரபு வேரும்

இத்தாலியின் தென்கோடியில், மெஸ்ஸினா நீரிணையின் கிழக்குக் கரையில் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரம் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் சிசிலித் தீவு. இடையிலுள்ள கடல், மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே உடையது. இவ்விரு கரைகளிலும் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று ‘மொராபித்தோ’ என்பது. கடைகளின் பெயர்ப் பலகைகளிலும், வழக்கறிஞர், மருத்துவர் வீட்டு வாயில்களிலும், தேவாலயத்தை அடுத்த கல்லறைக் கற்களிலும் அப்பெயரைக் காணலாம். அதைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். ஆயினும் அப்பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்ததன்று, கிரேக்கத்திலிருந்து வந்ததுமன்று. அரபியிலுள்ள ‘முராபித்’ என்னும் சொல்லே இத்தாலிய உடையில் மொராபித்தோ ஆகியிருக்கிறது.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம்முள் ஒரு மகிழ்ச்சி எழுவது இயல்பு. ‘அப்படியானால் இவர்கள் அனைவரும் ஒரு காலத்தில் முஸ்லிம்களாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களே’ என்று முடிவு கட்டிவிடவும் மனம் விழைகிறது. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இத்தகைய முடிவுகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அம்முடிவு சரியானதுதானா? ஒரு பெயரிலிருந்து எவ்வளவு அறியலாம், எவ்வளவு அறிய இயலாது? மொராபித்தோ என்னும் இவ்வொரு பெயரின் பயணத்தைப் பின்பற்றி இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

ரிபாத் என்னும் சொல்

அரபியில் ர-ப-த என்னும் மூவெழுத்து வேர் ‘கட்டுதல், பிணைத்தல்’ எனப் பொருள்படும். எல்லைப் புறத்தில் குதிரைகளைக் கட்டி வைத்துக் காவல் இருப்பது ‘ரிபாத்’ எனப்பட்டது. அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் இச்சொல் குதிரைகளோடு இணைந்து வருவதும், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனத்தில் இதே வேரிலிருந்து பிறந்த ஏவல் வினை பொறுமையோடு சேர்த்துக் கூறப்படுவதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. காலப்போக்கில் காவல் இருக்கும் செயலைக் குறித்த சொல், காவல் இருக்கும் கட்டடத்துக்கும் பெயராயிற்று. அங்குத் தங்கிக் கடலைக் கண்காணித்தவாறே தொழுகையிலும் திக்ரிலும் கல்வியிலும் காலம் கழித்தவர் ‘முராபித்’ எனப்பட்டார்.

இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இவ்வமைப்பு சிறந்து விளங்கியது. மொனஸ்தீர் நகரின் ரிபாத் ஹிஜ்ரி 180இல் (கி.பி. 796) ஹர்தமா இப்னு அஃயன் என்னும் அப்பாஸிய ஆளுநரால் எழுப்பப்பட்டது. ஸூஸா நகரின் ரிபாத்தில் ஹிஜ்ரி 206 (கி.பி. 821) என ஆண்டு பொறித்த கல்வெட்டு இன்றும் உள்ளது. தடித்த மதில், மூலைக் கோபுரங்கள், உள்முற்றம், அதைச் சுற்றிச் சிறு அறைகள், மேல்தளத்தில் தொழுமிடம் என்பது அதன் அமைப்பு. கோட்டையும் தவச்சாலையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன எனலாம்.

இவ்வேரிலிருந்து பிறந்த சொற்கள் மேற்கு நாடுகளெங்கும் பரவிக் கிடக்கின்றன. மொரோக்கோவின் தலைநகர் ரபாத், ‘ரிபாத்துல் ஃபத்ஹ்’ என்பதன் சுருக்கம். 11ஆம் நூற்றாண்டில் மக்ரிபிலும் பின்னர் ஸ்பெயினிலும் ஆட்சி செய்த அல்முராபித்தூன் வமிசத்தின் பெயரும் இதுவே. அவர்களுடைய பொற்காசின் பெயரால்தான் ஸ்பானியர் தம் நாணயத்தை ‘மரவேதி’ என்றழைத்தனர். கொலம்பஸ் தம் பயணத்துக்கு ஆதரவு தேடித் தங்கியிருந்த லா ராபிதா மடத்தின் பெயரும் இவ்வேரைச் சார்ந்ததே. மேற்கு ஆப்பிரிக்காவின் சமயப் பெரியோர்களைப் பிரெஞ்சுக்காரர் ‘மராபூ’ என்பதும் இதிலிருந்தே. ஆனால் ஓசை ஒன்றாயிருப்பதால் மட்டும் உறவு உண்டாகிவிடாது. சிசிலி ஊர்கள் சிலவற்றில் உள்ள ‘ரபாத்தோ’ என்னும் பழைய குடியிருப்புகளும் மால்டாவின் ‘ரபாத்’ நகரும் ரிபாத்தின் வழி வந்தவையல்ல. நகர்ப்புறத்தைக் குறிக்கும் ‘ரபள்’ என்னும் வேறொரு சொல்லே அவற்றின் மூலம். சொல்லாராய்ச்சியில் முதற்பாடம் இந்த எச்சரிக்கையே.

கைரவானிலிருந்து சிசிலிக்கு

ஹிஜ்ரி 212இல் (கி.பி. 827) அஃக்லபி அமீர் முதலாம் ஸியாததுல்லாஹ் அனுப்பிய கப்பற்படை ஸூஸாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுச் சிசிலியின் மஸாராவில் கரை இறங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் கைரவானின் காழி அஸத் இப்னுல் ஃபுராத். மதீனாவில் இமாம் மாலிக்கிடமும், இராக்கில் இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானியிடமும் பாடம் கேட்டவர். அவர் தொகுத்த ‘அல்அஸதிய்யா’ மாலிக்கி சட்ட வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. எழுபதை நெருங்கிய அகவையில் படைநடத்திச் சென்ற அப்பெரியார், மறு ஆண்டே சிராக்கூஸ் முற்றுகையின்போது உயிர் நீத்தார். ரிபாத் நிமிர்ந்து நிற்கும் ஊரிலிருந்து, ஒரு சட்ட அறிஞரின் தலைமையில் புறப்பட்ட படையோடு அச்சொல்லும் சிசிலிக் கரையேறியிருக்கும் எனக் கொள்வதில் பிழையில்லை.

பலெர்மோ 831இலும், சிராக்கூஸ் 878இலும், தவோர்மினா 902இலும் கைப்பற்றப்பட்டன. அஃக்லபிகளுக்குப் பின் ஃபாத்திமிகளும், 948 முதல் அவர்களின் ஆளுநர்களாக வந்து தன்னாட்சி பெற்ற கல்பி அமீர்களும் தீவை ஆண்டனர். ஆனால் நீரிணைக்கு அப்பால், மொராபித்தோ பெயர் செழித்திருக்கும் கலாப்ரியாவின் நிலை வேறு. அங்கே படையெடுப்புகள் பல நடந்தன. நிலைத்த ஆட்சி அமையவில்லை. 10ஆம் நூற்றாண்டின் நடுவில் அமீர் அல்ஹஸன் இப்னு அலீ அல்கல்பி ரெஜ்ஜோ நகரில் ஒரு பள்ளிவாசல் எழுப்பியதை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பதிவு செய்துள்ளார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்; பின்னர் இது நமக்கு உதவும்.

சிசிலியின் முராபித்துகள் எத்தகையவர்களாக இருந்தனர்? ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) பலெர்மோ சென்ற பயணி இப்னு ஹவ்கல் எழுதிவைத்த சித்திரம் நமக்கு உவப்பளிப்பதன்று. முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கொண்ட நகரம் அது என வியக்கும் அவர், கடற்கரை ரிபாத்துகளைக் குறித்துக் கடுஞ்சொற்களைப் பெய்கிறார். வேலையற்றோரும் வஞ்சகரும் பக்தி வேடமிட்டோரும் தானப் பொருளை உண்டு அங்கே காலம் கழிப்பதாகக் குறைகூறுகிறார். சிசிலி மக்கள்மீது அவருக்கிருந்த வெறுப்பு நூல் முழுவதும் தெரிவதால் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. என்றாலும் ஒன்று தெளிவு. முராபித் என்னும் பெயரும் முராபித்தின் வாழ்வும் எப்போதும் ஒத்திருக்கவில்லை என்னும் மனக்குறை அன்றே இருந்தது.

ஏட்டில் எழுதப்பட்ட பெயர்கள்

1061இல் மெஸ்ஸினாவைக் கைப்பற்றிய நார்மன்கள், 1072இல் பலெர்மோவையும் 1091இல் கடைசி நகரான நோத்தோவையும் வென்றனர். வென்ற மன்னர்கள் நிலத்தைப் பிரபுக்களுக்கும் தேவாலயங்களுக்கும் பகிர்ந்தளித்தபோது, அந்நிலத்தில் உழுத குடிகளையும் சேர்த்தே அளித்தனர். அக்குடிகளின் பெயர்ப் பட்டியல்கள் ‘ஜரீதா’ எனப்பட்டன. 1095ஆம் ஆண்டின் பட்டியல்களும், 1145இல் இரண்டாம் ரொஜர் புதுப்பித்தளித்தவையும், இரண்டாம் வில்லியம் தாம் எழுப்பிய மொன்றியாலே மடத்துக்கு 1178இலும் 1183இலும் வழங்கியவையும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றை 1868இல் சல்வத்தோரே கூஸா பதிப்பித்தார். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் தந்தை பெயரோடும், தொழிலோடும், ஊரோடும், பட்டப்பெயரோடும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவர்கள் யாருடைய உடைமை என்பதைக் காட்டவே அப்பெயர்கள் எழுதப்பட்டன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

1184ஆம் ஆண்டின் இறுதியில் மெஸ்ஸினா அருகே கப்பல் சேதமுற்றுக் கரையேறிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அம்மக்களின் இறுதிக்காலத்தைக் கண்ணால் கண்டவர். அரசவையில் முஸ்லிம்கள் உயர்பதவிகளில் இருந்ததைக் கூறும் அவரே, குடும்பங்களுக்குள் புகுந்துவிட்ட அச்சத்தையும் கூறுகிறார். தந்தை கடிந்துகொண்டால் மகனும், தாய் கடிந்துகொண்டால் மகளும் சினத்தில் தேவாலயத்துள் புகுந்து மதம் மாறிவிடக் கூடும். அதன்பின் பெற்றோருக்கு அப்பிள்ளைகள் இல்லை. எனவே பெற்றோர் தம் மக்களை அஞ்சி அஞ்சி வளர்த்தனர். பின்னர் 1220கள் தொடங்கி இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் சிசிலி முஸ்லிம்களைத் தென்னித்தாலியின் லூச்சேராவுக்கு இடம்பெயர்த்தார். 1300இல் அஞ்சூ மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் லூச்சேராவை அழித்து, அங்கிருந்த முஸ்லிம்களை அடிமைகளாக விற்கச் செய்தார். அத்துடன் அச்சமுதாயத்தின் வரலாறு முடிந்தது.

வாயில் வாழ்ந்த சொல்

சமுதாயம் மறைந்தது, மொழி முழுதும் மறையவில்லை. வயலில், சந்தையில், நீர்ப்பாசனத்தில், சமையலில் நூற்றுக்கணக்கான அரபுச் சொற்கள் சிசிலிப் பேச்சுமொழியில் தங்கின. அவற்றுள் ஒன்றே ‘முராபிது’. ஆனால் அதன் பொருள் மாறியிருந்தது. சிசிலியிலும் தென் கலாப்ரியாவிலும் அச்சொல் எல்லைக் காவலரைக் குறிக்கவில்லை. தவசியை மட்டும் குறிக்கவுமில்லை. ‘மது அருந்தாதவர்’ என்பதே அதன் வழக்குப் பொருளாயிற்று. தென்னித்தாலியக் குடும்பப் பெயர்களுக்கு அகராதி தொகுத்த ஜெர்மானிய மொழியறிஞர் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸும், சிசிலிப் பெயரகராதியை 1990களில் வெளியிட்ட ஜிரோலமோ கரகௌசியும் மொராபித்தோ என்னும் குடும்பப் பெயரை முராபித்தோடு தொடர்புறுத்துகின்றனர்.

இப்பொருள் மாற்றம் சிந்திக்கத்தக்கது. சிசிலி முஸ்லிம்கள் அனைவரும் மதுவை விலக்கியவர்கள் என்று சொல்ல இயலாது. சிசிலியில் பிறந்து, நார்மன் வெற்றியின்போது நாடு துறந்து ஸெவில்லா சென்ற பெருங்கவிஞர் இப்னு ஹம்தீஸின் திவானில் மதுப் பாடல்கள் பல உள்ளன. ஆகவே மது அருந்தாமை அங்கே எல்லோருக்கும் பொதுவான அடையாளமாக இருந்திருக்க முடியாது; பேணுதலோடு வாழ்ந்த ஒரு சாராரின் தனி அடையாளமாகவே இருந்திருக்கும். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நாட்டில், உணவோடு மது பரிமாறப்படும் மக்களிடையே, கிண்ணத்தை மறுப்பவர் கண்ணில் படாமல் இரார். முராபித்தின் தொழுகையையோ நோன்பையோ அண்டை வீட்டார் முழுமையாக அறிந்திருக்க மாட்டார்கள். அவர் கிண்ணத்தை விலக்கியதை அறிந்திருந்தனர். அவர்கள் கண்டது சொல்லின் பொருளாக நின்றுவிட்டது என்பதே நம் கருத்து.

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பல, ஒரு காலத்தில் ஊரார் இட்ட பட்டப்பெயர்களே. நாடெங்கும் மிகுதியாக வழங்கும் ‘ரொஸ்ஸி’, தெற்கில் மிகுதியாக வழங்கும் ‘ருஸ்ஸோ’ ஆகிய இரண்டும் செந்நிறத் தலைமுடியையோ தாடியையோ மேனியையோ சுட்டியவை. ‘பெவிலாக்குவா’ என்னும் பெயருக்கு ‘தண்ணீர் குடி’ என்பதே நேர்ப்பொருள். மொராபித்தோவும் பெவிலாக்குவாவும் ஒரே கருத்தை இருவேறு மொழிகளில் உரைக்கும் பெயர்கள் எனலாம். பட்டப்பெயர்களில் கேலியும் உண்டு. பெருங்குடிகாரரை ‘தண்ணீர் குடிப்பவர்’ என்று நகைப்பதும் ஊர் வழக்கமே.

இத்தகைய பட்டப்பெயர்களை நிலைபெறச் செய்ததில் தேவாலயப் பதிவேடுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1563இல் முடிவுற்ற திரெந்து சங்கம், பங்குதோறும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய ஆணையிட்டது. தந்தையைக் குறித்த பட்டப்பெயர் மகனுக்கும் பேரனுக்கும் உரிய குடும்பப் பெயராக இறுகியது. முஸ்லிம் சிசிலி மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்து, குருவானவரின் எழுதுகோலால் அரபுச் சொல் ஒன்று கிறித்தவப் பதிவேட்டில் உறுதிபெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அதன் ஒலிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் இறுதிக்கு முந்திய அசை அழுத்தம் பெறும். மொராபித்தோ என்பதிலோ ‘ரா’ என்னும் அசையே அழுத்தம் பெறுகிறது. அரபியில் முராபித் என்பதன் நெடில் அங்கேதான் உள்ளது. எழுத்து மாறி, பொருள் மாறி, சமயம் மாறிய பின்னரும், முதலில் அச்சொல்லை உச்சரித்தவரின் குரல் ஏற்றம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

உடன்பிறந்த பெயர்கள்

மொராபித்தோ தனித்து நிற்கவில்லை. ‘வதலா’ என்னும் குடும்பப் பெயரை அறிஞர்கள் அப்துல்லாஹ் என்பதோடும், ‘ஃபிரகலா’ என்பதை ஃபரஜுல்லாஹ் என்பதோடும் இணைக்கின்றனர். இவற்றிலும் கடைசி ‘லா’ அழுத்தம் பெற்றொலிக்கிறது. ‘கஞ்ஜெமி’ என்பது குருதி குத்தி எடுக்கும் ஹஜ்ஜாமையும், ‘ஷொர்த்தீனோ’ என்பது காவலரைக் குறிக்கும் ஷுர்த்தாவையும், ‘சக்கா’ என்பது தண்ணீர் சுமக்கும் ஸக்காவையும், ‘தாயிபி’ என்பது தய்யிபையும் நினைவூட்டுவன.

இவற்றுக்கு நேர்மாறாக ‘சரசேனோ’, ‘தூர்க்கோ’, ‘மோரோ’ என்னும் பெயர்களும் இத்தாலியில் உள்ளன. அவை முஸ்லிம்களைச் சுட்டுவன போலத் தோன்றினும், வெளியிலிருந்து பார்த்தவர்கள் இட்ட பெயர்கள். கருநிறம் கொண்டவரோ, கீழை நாடு சென்று மீண்டவரோகூட அப்பெயர் பெற்றிருக்கலாம். முன்னவை அம்மக்களின் மொழியிலிருந்து வந்தன. பின்னவை அம்மக்களைப் பற்றிய பேச்சிலிருந்து வந்தன. இவ்விரு வகையையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

கடல் கடந்த பெயர்

மொராபித்தோ பெயரின் பெருந்தொகுதி இன்றும் ரெஜ்ஜோ கலாப்ரியா, மெஸ்ஸினா வட்டாரங்களிலேயே உள்ளது. அதற்கடுத்துக் கிழக்குச் சிசிலியின் கத்தானியாவில் காணப்படுகிறது. 1861இல் இத்தாலி ஒன்றிணைந்தபின் தெற்கில் பெருகிய வறுமை, பல இலட்சம் பேரைக் கடல் கடந்து செல்லத் தூண்டியது. 1908 டிசம்பர் 28இல் நிகழ்ந்த நிலநடுக்கமும் கடல்கோளும் மெஸ்ஸினாவையும் ரெஜ்ஜோவையும் தரைமட்டமாக்கிப் பல்லாயிரவரைப் பலி கொண்டன. இவ்வாறு அமெரிக்கா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் இப்பெயர் வேரூன்றியது.

மின்கம்பத்தில் அதிர்ச்சியுற்றுத் தொங்கிய தொழிலாளிக்குச் சகதொழிலாளி வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் காட்சியை 1967இல் படம்பிடித்து, 1968இல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் பெயர் ரொக்கோ மொராபித்தோ. ஸ்பானிய மொழியில் எழுதும் மெக்சிகோவின் கவிஞர் ஃபாபியோ மொராபித்தோ, இத்தாலியப் பெற்றோருக்கு 1955இல் எகிப்தின் இஸ்கந்தரிய்யாவில் பிறந்தவர். முராபித் என்றால் இன்னதெனத் தெருவில் போவோரும் அறிந்திருக்கும் நகரில், அச்சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு குழந்தை பிறந்தது. மறுபுறம், கலாப்ரியாவின் குற்றக் கும்பல்களைப் பற்றிய செய்திகளிலும் இப்பெயர் அடிபட்டதுண்டு. பரவலான பெயர் நல்லோருக்கும் தீயோருக்கும் பொதுவாகவே இருக்கும். இப்னு ஹவ்கல் அன்று கண்டதும் இதுதானே.

நாம் கொள்ள வேண்டிய முடிவு

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். மொராபித்தோக்கள் முஸ்லிம்களின் வழித்தோன்றல்களா? சிலர் அவ்வாறு இருக்கலாம். மதம் மாறித் தீவிலேயே தங்கியவர்கள் பலர் உண்டு. ஆனால் பெயர் மட்டும் அதற்குச் சான்றாகாது. மது அருந்தாத ஒரு கிறித்தவக் குடியானவரையும் அண்டை வீட்டார் தம் பேச்சுமொழியில் முராபிது என்றுதான் அழைத்திருப்பர். முஸ்லிம் ஆட்சி நிலைபெறாத கலாப்ரியாவில் இப்பெயர் இத்தனை செழித்திருப்பது, குருதிவழியை விடச் சொல்வழியே இது பரவியது என எண்ண வைக்கிறது. அல்முராபித்தூன் வமிசத்தோடு இதை இணைப்பதற்கும் இடமில்லை. அவர்கள் சிசிலியை ஆண்டதே இல்லை.

சான்றின்றி வமிசம் கற்பிப்பது நம் மார்க்கத்தில் சிறு பிழையன்று. வளர்ப்பு மக்களையும் அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. நஸபு பேணுதலில் இத்தனை கவனம் கொண்ட சமுதாயம், தொலைவிலுள்ள மக்கள்மீது தன் விருப்பத்துக்கேற்ற மூதாதையரை ஏற்றி மகிழலாகாது. சிசிலி முஸ்லிம்களுக்கு நாம் செய்யும் நீதியும் அதுவன்று. அவர்களுடைய உண்மையான பெயர்கள் ஜரீதா ஏடுகளில் உள்ளன. அவற்றைப் படிப்போர் நம்முள் மிகச் சிலரே.

மொராபித்தோ என்னும் பெயர் யார் யாருக்குப் பிறந்தார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு மக்கள் தம் அண்டை அயலார் நினைவில் எவ்வாறு பதிந்தனர் என்பதையே சொல்கிறது. அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் முந்நூறும் மறைந்தன. மதுக் கிண்ணத்தைக் கையால் விலக்கிய ஒரு செயல் மட்டும், அதைச் செய்யாத, செய்யத் தேவையும் இல்லாத மக்களின் பெயராக ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கிறது. நம் அயலார் நாளை நம்மை எச்சொல்லால் நினைவுகூர்வர் என்பதை நாம் இன்று நடந்துகொள்ளும் முறையே தீர்மானிக்கும். வமிசங்களின் உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.